எத்தனை பேரில் எத்தனை பேர்?

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன. இரண்டுக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஒரு நாள் வருகிறவர்களை முதல் வார்டில் சேர்ப்பார்கள், மறுநாள் வருகிறவர்களை இரண்டாம் வார்டில். 1846ஆம் ஆண்டில் முதல் வார்டில் 4,010 பிரசவங்கள் நடந்தன, 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாம் வார்டில் 3,754 பிரசவங்களில் இறந்தவர்கள் 105 பேர். ஓரிடத்தில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல், மற்றோரிடத்தில் மூவருக்கும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் வார்டின் முறை நாளில் வலி எடுத்துவிட்டால், அங்கே மட்டும் சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். கெட்ட காற்று, நெரிசல், பயம் என்று பேராசிரியர்கள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ், பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கரைசலில் கை கழுவியே ஆக வேண்டும் என்று 1847 மே மாதத்தில் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம் ஜூலையில் 1.2 சதவீதமாக இறங்கியது.

மருத்துவமனையின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான ஆரம்பம் கிடைப்பது அரிது. பெயர்பெற்ற பேராசிரியர்கள் பாடம் நடத்தியது, அதிகம் பேர் இறந்த அந்த முதல் வார்டில்தான். இரண்டாம் வார்டில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். படிப்பையும் பெயரையும் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் முதல் வார்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பெண்களோ, எத்தனை பேர் போய் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த கணக்கு சரியான கணக்காகவும் அமைந்தது. யார் எந்த வார்டுக்குப் போவது என்பதை நோயின் கடுமை தீர்மானிக்கவில்லை, நாள்காட்டி தீர்மானித்தது. ஆகவே வித்தியாசம் வார்டில்தான் இருக்க வேண்டும், வந்தவர்களிடம் இல்லை.

இன்று நாம் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கு எங்கும் கிடைப்பதில்லை. கட்டடத்தைப் பார்க்கிறோம், புதிதாக வந்திருக்கும் ஸ்கேன் கருவியைப் பற்றிக் கேள்விப்படுகிறோம், டாக்டரின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை எண்ணுகிறோம். கைராசிக்காரர் என்று யாராவது சொன்னால் அங்கே போகிறோம். கைராசி என்று மக்கள் பேசுவதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். போனவர்களுக்குக் குணமானது என்ற செய்திதான் அதன் உள்ளே இருக்கிறது, அதாவது மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் விளைவை அளக்க முயல்கிறார்கள். குறை என்னவென்றால், பிழைத்தவர்தான் வந்து சொல்கிறார். ஒரு தெருவில் நான்கு பேருக்கு நல்லபடியாக ஆபரேஷன் நடந்தது என்பதிலிருந்து அடுத்த நானூறு பேருக்கு என்ன நடக்கும் என்று எதுவும் சொல்ல முடியாது. முழுக் கணக்கை வைத்திருக்கக்கூடியது மருத்துவமனை மட்டுமே. அது எண்ணாவிட்டால் நமக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்யும் மருத்துவர்களுக்கும் தங்கள் வேலை எப்படி இருக்கிறது என்று தெரியாது. இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: தரத்தின் முதல் அடையாளம் ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளுக்குச் சிகிச்சைக்குப் பிறகு என்ன ஆனது என்று எண்ணிப் பார்க்கிறதா என்பது, அந்த எண்ணைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன் 1966இல் எழுதிய ஒரு கட்டுரை, மருத்துவத் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்று பிரித்துக் காட்டியது. என்ன இருக்கிறது என்பது ஒன்று: கட்டில், கருவி, செவிலியர் எண்ணிக்கை. என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாவது: கை கழுவுகிறார்களா, சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுக்கிறார்களா. என்ன ஆனது என்பது மூன்றாவது. நம் ஊர் விளம்பரங்கள் முழுக்க முதல் இடத்தில் நிற்கின்றன. தர அங்கீகாரங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு இடங்களைப் பார்க்கின்றன. இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிஎச் அங்கீகாரம் பெற, தொற்றுக் கட்டுப்பாடு, மருந்துப் பாதுகாப்பு, நோயாளி உரிமை என்று பலவற்றில் விதிமுறைகளைக் காட்ட வேண்டும். அது வீண் வேலை இல்லை. மருந்துச் சீட்டு மாறுவதைத் தடுக்கும் ஒழுங்கு உயிர் காக்கும் ஒழுங்கு. ஆனால் அங்கீகாரம் இருப்பதாலேயே அங்கே பிழைப்பவர்கள் அதிகம் என்று முடிவுகட்ட முடியாது. அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை ஒப்பிட்டு 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், தனியார் அங்கீகாரம் பெற்றவற்றில் 30 நாள் மரணம் 10.2 சதவீதம், மாநில அரசின் சோதனையோடு நின்றவற்றில் 10.6. சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் முடித்தார்கள். என்ஏபிஎச் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அறுவைக் காயத் தொற்று, வென்டிலேட்டரால் வரும் நிமோனியா போன்றவற்றை எண்ணி வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அப்படியானால் எண்கள் உள்ளே இருக்கின்றன. வரவேற்பறையில் சான்றிதழ் தொங்குகிறது, எண்கள் தொங்குவதில்லை.

எண் கிடைத்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். “இதுவரை 10,000 இதய அறுவை சிகிச்சைகள்” என்று பலகையில் எழுதியிருந்தால் அதில் பின்னத்தின் ஒரு பாதிதான் இருக்கிறது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற இரண்டும் இருந்தால்தான் அது தகவல். கீழே போடும் எண்ணைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எச்சரிக்கை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடமே இருக்கிறது. அவர் 1863இல் வெளியிட்ட நூற்பதிப்பில் லண்டனின் 24 மருத்துவமனைகளில் மரண விகிதம் 90.84 சதவீதம் என்று ஓர் அட்டவணை உண்டு. 1861ஆம் ஆண்டு முழுவதும் இறந்த 3,828 பேரை, அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரே ஒரு நாளில் கட்டில்களில் இருந்த 4,214 பேரால் வகுத்த கணக்கு அது. ஆண்டு முழுவதும் வந்துபோன அனைவராலும் வகுத்திருக்க வேண்டும் என்று அன்றைய மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மருத்துவமனைக் கணக்கை ஒரே படிவத்தில் எல்லோரும் எடுக்க வேண்டும் என்று முதலில் போராடியவர்களில் நைட்டிங்கேலும் ஒருவர். அவ்வளவு அக்கறை உள்ளவர் கையிலும் எண் வழுக்குமென்றால், விளம்பரக்காரர் கையில் அது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே மாதிரி நோயாளிகள் வருவதில்லை. தனியார் மருத்துவமனைகளில் சில நாள் கிடந்து, பணமும் தீர்ந்து, நிலைமையும் மோசமான பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் நோயாளி அங்கே இறந்தால், அந்த மரணம் அரசு மருத்துவமனையின் கணக்கில் ஏறுகிறது. வெறும் சதவீதத்தை ஒப்பிட்டால் அரசு மருத்துவமனைக்கு இழைக்கும் அநீதி அது. 1986இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இந்தச் சிக்கலை மறக்க முடியாதபடி காட்டியது. சிறுநீரகக் கல்லுக்குத் திறந்து செய்யும் அறுவை 350 பேரில் 273 பேருக்குப் பலித்தது, அதாவது 78 சதவீதம். சிறு துளை வழியே செய்யும் முறை 350 பேரில் 289 பேருக்குப் பலித்தது, 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றுகிறது. சிறிய கல் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் திறந்த அறுவை 93, துளை முறை 87. பெரிய கல் உள்ளவர்களைப் பிரித்துப் பார்த்தாலும் திறந்த அறுவை 73, துளை முறை 69. இரண்டு பிரிவிலும் வென்ற முறை மொத்தத்தில் தோற்றுவிட்டது. காரணம், பெரிய கல் உள்ள கடினமான நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் திறந்த அறுவையும், எளிய நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் துளை முறையும் நடந்திருந்தன. இந்த எண்களில் முறைகளுக்குப் பதில் இரண்டு மருத்துவமனைகளின் பெயரை எழுதிப் பாருங்கள். மொத்தச் சதவீதத்தை நம்பிப் போகிறவர், சிறந்த மருத்துவமனையைத் தாண்டி அடுத்ததற்குப் போயிருப்பார். ஆகவே வயது, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலை, அவசரமாக வந்தவரா என்பவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத் திருத்திய எண்தான் ஒப்பிடத் தகுந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 1989 முதல் மாநிலத்தில் நடந்த ஒவ்வொரு பைபாஸ் அறுவைக்கும் நோயாளியின் நிலையைப் பதிவுசெய்து, அப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் இறப்பது எதிர்பார்க்கத்தக்கது என்று கணக்கிட்டு, உண்மையில் இறந்தவர்களோடு ஒப்பிட்டு, மருத்துவமனை வாரியாக வெளியிட்டார்கள். நியூஸ்டே என்ற செய்தித்தாள் வழக்குப் போட்டு 1991இல் மருத்துவர் வாரியான கணக்கையும் வெளிக்கொண்டுவந்தது. 1989க்கும் 1992க்கும் இடையில் திருத்திய மரண விகிதம் 4.17 சதவீதத்திலிருந்து 2.45 சதவீதமாகக் குறைந்தது. இந்த மொத்த எண்ணைவிட, ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாநிலக் கணக்கு அந்த மருத்துவமனையில் மரணம் அதிகம் என்றது. அவர்கள் தங்கள் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். திட்டமிட்டு நடந்த அறுவைகளில் குறையில்லை. மாரடைப்போடு அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்களில்தான் மரணம் குவிந்திருந்தது: 1992இல் அப்படி வந்த 42 பேரில் 11 பேர் இறந்திருந்தார்கள். நோயாளியின் ரத்த ஓட்டத்தைச் சீராக்கி நிலைப்படுத்துவதற்கு முன்பே அறுவை அரங்குக்கு அவசரமாகக் கொண்டுபோகிறோம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நடைமுறையை மாற்றினார்கள். 1993இல் அவசரமாக வந்த 54 பேரும் பிழைத்தார்கள். திறமையான மருத்துவர்கள்தான் அதற்கு முந்தைய ஆண்டிலும் அங்கே இருந்தார்கள். எண் வந்து காட்டும்வரை எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்படி எண்ணி வெளியிட்டால் மருத்துவர்கள் கடினமான நோயாளிகளைத் தொடவே அஞ்சுவார்கள் என்பது வலுவான ஆட்சேபம். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பள்ளிகளை நாம் அறிவோம். மருத்துவமனையும் அதைச் செய்தால் தண்டனை உயிருக்கு. இந்த அச்சம் கற்பனை இல்லை. பென்சில்வேனியாவில் இதேபோல் பட்டியல் வெளியான பிறகு எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், அறுவை மருத்துவர்களில் 63 சதவீதம் பேர் மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு அறுவை செய்யத் தயக்கம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் தயங்குகிறோம் என்று சொல்வது ஒன்று, உண்மையில் என்ன நடந்தது என்பது வேறு. வடமேற்கு இங்கிலாந்தில் 30 அறுவை மருத்துவர்கள் செய்த 25,730 பைபாஸ்களை எட்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தார்கள். பெயரோடு கணக்கு வெளியான காலத்தில் மரணம் 2.4 சதவீதத்திலிருந்து 1.8க்கு இறங்கியது, அதே காலத்தில் அறுவைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நோயாளிகளின் அபாய அளவு 3.0 சதவீதத்திலிருந்து 3.5 ஆக ஏறியது. கடினமானவர்கள் விலக்கப்படவில்லை, அதிகமாகவே ஏற்கப்பட்டார்கள். கடுமைக்கு ஏற்பத் திருத்திய கணக்கு நேர்மையாக இருந்தால், கடினமான நோயாளியைக் காப்பாற்றிய மருத்துவமனையின் மதிப்பு கூடும். ஆட்சேபத்துக்குப் பதில் எண்ணுவதைக் கைவிடுவதில் இல்லை, திருத்தத்தைச் செம்மையாக்குவதில் இருக்கிறது.

தற்செயல் என்ற இன்னொன்றும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நூற்றுக்கு இருவர் இறப்பது வழக்கமான ஓர் அறுவையை ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 50 பேருக்குச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரித் திறமை உள்ள அவருக்கு ஒரு மரணமும் இல்லாத ஆண்டு அமைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதே திறமையுள்ள, அதே அளவு அறுவை செய்கிற பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மருத்துவர்களில் ஒருவருக்கு மூன்றோ அதற்கு மேலோ மரணங்கள் நேரும். முதலாமவரைக் கொண்டாடுவதும் மற்றவரைத் தூற்றுவதும் சீட்டுக் குலுக்கலுக்கு மாலை போடுவது போன்றதே. நியூயார்க் இதை உணர்ந்துதான் மருத்துவர் கணக்கை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து, குறைந்தது 200 அறுவைகள் செய்தவர்களுக்கு வெளியிட்டது. ஆகவே “எங்கள் டாக்டர் கையில் ஒருவரும் இறந்ததில்லை” என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்குச் செய்தார் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலை மேலைநாட்டு ஆய்வுகள் போதுமான அளவு பேசுவதில்லை. இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. உயிர் வீட்டில் போக வேண்டும் என்ற ஆசையும், ஐசியு கட்டணமும் சேர்ந்து அந்த முடிவை எடுக்க வைக்கின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக வெளியேறியவர். இறந்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எனவே “எங்கள் மருத்துவமனையில் மரணம் மிகக் குறைவு” என்ற வாக்கியம் நம் நாட்டில் பெரும்பாலும் பொருளற்றது. அறுவை நடந்து 30ஆம் நாள் நோயாளி உயிரோடு இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா, மறுபடி எங்காவது சேர்க்கப்பட்டாரா என்று கேட்டு எழுதினால்தான் அது கணக்கு. இது நம்மால் ஆகாத காரியமும் இல்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ்ப்பிடிக்கும் தொற்றை ஒவ்வொன்றாக எண்ணியது. அறுவை முடிவில் கண்ணுக்குள் ஓர் ஆன்டிபயாடிக் செலுத்தும் வழக்கம் வருவதற்கு முன் 3,02,815 அறுவைகளில் 214 தொற்றுகள். வந்த பிறகு 3,14,638 அறுவைகளில் 64. பத்தாயிரத்துக்கு ஏழு என்பது இரண்டாகக் குறைந்தது. 2017இல் இதை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் கண்களுக்கு அறுவை செய்யும் மருத்துவருக்குக்கூட இந்த வித்தியாசம் அனுபவத்தில் தெரியாது. ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆறு லட்சம் கண்களை எண்ணியதால்தான் தெரிந்தது. பெரும்பாலும் ஏழைகளுக்கு வேலை செய்யும் ஒரு மருத்துவமனைக் குழுமத்தால் இது முடியுமென்றால், பளிங்குத் தரை போட்ட மருத்துவமனைகளுக்கு என்ன தடை?

கணக்கு வெளியாகாத நாட்டில் நோயாளியால் கேட்டறியக்கூடிய எண் ஒன்று உண்டு: இந்த அறுவையை இங்கே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பது. அமெரிக்க முதியோரின் கணக்கை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், கணைய அறுவையை அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் மரணம் 16.3 சதவீதம், அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். எல்லா அறுவைகளிலும் இவ்வளவு இடைவெளி இல்லை. எளிய அறுவைகளில் பக்கத்து ஊர் மருத்துவமனையே போதும். சிக்கலான புற்றுநோய் அறுவைக்கு நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்வது வீண் அலைச்சல் ஆகாது. ஆனால் அதிகம் செய்வதே தரம் என்று இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. தேவையில்லாதவருக்கு அறுவை செய்தால் அவர் பிழைத்துக்கொள்வார், மருத்துவமனையின் விகிதமும் அழகாகும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. ஒரே மாநிலத்துத் தாய்மார்களின் உடல் கட்டண ரசீதைப் பொறுத்து இவ்வளவு மாறாது. இந்த அறுவை எனக்குத் தேவையா என்பதற்கான விடையும் தரத்தின் பகுதி, அது எந்த வெற்றி விகிதத்திலும் தெரியாது.

நோயாளிகள் இந்தப் பட்டியலையெல்லாம் படிப்பதே இல்லை என்பதுதான் எண்ணுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிகக் கூர்மையானது. உண்மைதான். பென்சில்வேனியாவில் 1998இல் வெளியான ஆய்வில், இதய அறுவை செய்துகொண்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் அறுவைக்கு முன் அப்படியொரு பட்டியல் இருப்பதே தெரிந்திருந்தது. நெஞ்சுவலி வந்தவரை ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகிறதோ அதுதான் அவருடைய தேர்வு. இதைவிடக் கடுமையான சான்றும் உண்டு. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களில் பைபாஸ் செய்த ஐந்து மருத்துவமனைகள் எதையும் வெளியிடாமல், எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்து, ஒருவர் அரங்குக்கு மற்றவர் போய்ப் பார்த்து, மரணத்தை 24 சதவீதம் குறைத்தன. அப்படியானால் வெளியிடுவதால் என்ன பயன்? மருத்துவமனைகளைத் திருத்துவது வாடிக்கையாளரின் தேர்வு என்று நினைப்பவர்களுக்கு இது தோல்வி. நான் அப்படி நினைக்கவில்லை. திருத்துவது எண்ணும் பழக்கம். செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் நடைமுறையை மாற்றியவர்கள் அங்கிருந்த மருத்துவர்கள்தான். மனமிருக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினாலும் திருந்தலாம். மனமில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாட்சி. அங்கே குழந்தைகளின் இதய அறுவையில் மரணம் அதிகமாக இருப்பதை மயக்க மருத்துவர் ஸ்டீஃபன் போல்சின் தாமே எண்ணிப் பார்த்து மேலே சொன்னார். பல ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 2001இல் வந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் 30 முதல் 35 பேர் அங்கே கூடுதலாக இறந்தார்கள் என்றது. அந்த எண்கள் வெளியே தெரிந்திருந்தால் அத்தனை ஆண்டுகள் அமைதி நீடித்திருக்காது. பட்டியலைப் பற்றியே தெரியாத 88 சதவீத நோயாளிகளுக்கும் பட்டியல் இருப்பதால் காவல் கிடைக்கிறது.

இன்று ஓர் அறுவைக்கு நாள் குறிக்கப் போகிறவர் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்க முடியாது. அவர் கேட்கக்கூடியவை சில. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்? என் வயதும் என் சர்க்கரை அளவும் உள்ளவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, எத்தனை பேர் மாதத்துக்குள் திரும்பிச் சேர்ந்தார்கள்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதையா என்ற கூச்சம் நம் குடும்பங்களில் ஆழமானது. எண்ணி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி சுடாது. அவர் விரலை வைத்துக் காட்டுவார். “எல்லாம் நல்லபடியாக நடக்கும், நம்புங்கள்” என்ற பதில் மட்டும் வந்தால், அன்புடன் சொல்லப்பட்டிருந்தாலும், அங்கே யாரும் எண்ணவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1911 முதல் 1916 வரை தன் சிறிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரைப் பகைத்தார்கள். எனக்கு அறுவை தேவைப்பட்டால், அந்த 123 தவறுகளை எழுதி வைத்தவரிடம்தான் போவேன்.

ஆனால் நோயாளியின் துணிச்சலை நம்பி ஒரு நாட்டின் மருத்துவத் தரத்தை விட்டுவைக்க முடியாது. தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில், அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் ஒரே சிகிச்சைக்கு ஒரே அலுவலகத்துக்கு விவரம் அனுப்புகின்றன. ஒவ்வொரு மகப்பேறு மரணத்தையும் தணிக்கை செய்யும் பழக்கமும் இந்த மாநிலத்துக்கு உண்டு; தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் அந்த எண்ணும் பழக்கத்துக்குப் பங்குண்டு. பைபாஸ் ஒன்றில் தொடங்கலாம். பணம் கேட்டு அனுப்பும் விவரங்களோடு இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன், சிறுநீரகத்தின் நிலை, அவசர அறுவையா என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 30ஆம் நாள் நோயாளியின் வீட்டுக்கு ஒரு ஃபோன் செய்து கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போனவர் வீட்டுக்கும் அந்த அழைப்பு போக வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்து, திருத்தி, மருத்துவர் பெயரில்லாமல் மருத்துவமனைப் பெயரோடு, அரசும் தனியாரும் ஒரே அட்டவணையில், தமிழில் வெளியிட வேண்டும். எதிர்பார்த்ததைவிட அதிக மரணம் காட்டும் மருத்துவமனையின் பதிவேடுகளை வேறு ஊர் மருத்துவர்கள் இருவர் போய்ப் பிரித்துப் பார்த்து, குறை அறுவையிலா, அதற்கு முந்தைய இரவிலா, பிந்தைய வாரத்திலா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தும் அட்டவணையோடு அச்சாக வேண்டும்.